பெரிய துரை முகம் துலங்கிய வரலாறு

பெரிய துரையின் மேல் எச்சில் தடவுவதற்காகவே அரசாங்கம் மாதாமாதம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒரே ஆள் பஞ்சுக்காதான். இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் படிந்த அழுக்கை எடுக்க மனிதனுடைய உமிழ்நீரைப் போலச் சாதுவான சரக்கு அதிகம் கிடையாது. வெதுவெதுப்பாக இருக்கும், வண்ணத்தைக் கடிக்காது, மேலிடத்துக்கு எழுதிப்போட்டு ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்ற வேண்டும். நாக்கில் நனைத்து, ஒரு தபால்தலை அளவு இடத்தில் மெல்ல உருட்ட வேண்டும். உருட்டத்தான் வேண்டும், தேய்த்தால் போச்சு. பஞ்சு பழுப்பானதும் அது கண்ணாடி ஜாடிக்குப் போகும், வாய்க்கு அடுத்த குச்சி வரும். கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒரு ஒற்றல். அவ்வளவுதான் வித்தை. அதை ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை, அலுக்காமல் செய்ய வேண்டும் என்பதுதான் சங்கதி.

பஞ்சுக்கா இந்தத் துறைக்குத் தவம் கிடந்து வந்தவர் அல்ல. மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் பதினான்கு வருடம் பஞ்சு உருட்டியவர். ஒரு நாள் அரசாங்கம் விழித்துக்கொண்டு, உருட்டுகிறவர்கள் தேவைக்கு மேல் இருப்பதாகக் கண்டுபிடித்தது. மற்ற அலுவலகங்களை விட்டுவிட்டு அந்த அறையில் மட்டும் ஏன் தேடினார்கள் என்பது விளங்கவில்லை. எப்படியோ, உபரி ஊழியர் என்று முத்திரை குத்தி அவரைக் காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வெளியூர் நிபுணர் ஒருவர் பதினைந்து நாள் பயிற்சி நடத்தினார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் பிற்பகலில், "இனி எல்லாரும் குச்சியை நாக்கில் வையுங்கள்" என்று நிபுணர் சொன்னதும் ஏழு பேருக்குத் தலைவலி வந்தது. மூன்று பேருக்கு வீட்டில் அவசர வேலை. ஒருவருக்குக் கொள்கை. மிஞ்சியது பஞ்சுக்கா. சீழும் ரத்தமும் துடைத்த கைக்கு நூறு வருட அழுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அவர் ஒருவரை நம்பி 'ஓவியப் பராமரிப்புப் பிரிவு' உதயமாயிற்று. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, ஒரு மேசை, கழுத்து வளையும் விளக்கு, பூதக்கண்ணாடி. பிரிவுக்குத் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான்.

வீட்டில் கணவருக்கு இது வற்றாத கேலி. அவர் பஸ் டிரைவர். வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது என்ற விதியை மதித்து, அன்றைக்குள்ள பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டில் இறக்குகிறவர்.

"என் பொண்டாட்டி வாய் பட்டா செத்துப்போன துரை கூட பளிச்சுன்னு ஆயிடுவான். உயிரோட இருக்கிற எனக்குத்தான் ஒண்ணும் நடக்கல."

"உங்களைத் துடைக்கிறதா இருந்தா தனியா ஒரு பிரிவு தொடங்கணுங்க. ஆள் பத்தாது" என்பார் பஞ்சுக்கா, குழம்பைக் கிளறிக்கொண்டே.

இனி பெரிய துரை. ஏழடி உயரப் படம். காட்சியகத்து மாடியில், கூட்ட அறையில், தலைவர் நாற்காலிக்கு நேர் பின்னால் தொங்கியது. ஊர் பிறத்தியார் ஆட்சியில் இருந்த காலத்தில் ஆள வந்த வெள்ளைக்கார அதிகாரி. பெயர் எழுதிய பித்தளைத் தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால் பெரிய துரை என்பதே பெயராக நிலைத்துவிட்டது. கறுப்புக் கோட்டு, வரிசையாகப் பொன்னிறப் பொத்தான்கள், இடுப்பில் வாள், ஒரு கை காகிதக் கட்டின் மேல். பின்னால் எங்கிருந்தோ இறங்கும் சிவப்புத் திரை, எதையும் தாங்காமல் சும்மா நிற்கும் ஒரு தூண். முகம் முழுக்கத் தேநீர்ப் பழுப்பு. அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது ஒன்றே ஒன்று. புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக நின்ற இரண்டு கோடுகள். அந்த முறைப்புக்குக் கீழே உட்கார்ந்து கூட்டம் நடத்தியவர்கள் பலர். அதை உள்வாங்கிக்கொண்டவர் ஒருவர்தான், கண்காணிப்பாளர்.

இருபத்திரண்டு வருடம் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதியதில், அதே இரண்டு கோடுகளைத் தன் நெற்றியிலும் பயிர்செய்துவிட்டார் மனிதர். விடுப்புக் கடிதத்தை நீட்டினால் முதலில் கோடு விழும், பிறகுதான் கையெழுத்து விழும். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் சின்ன துரை என்றார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

படத்தை இறக்கி அறையில் சாய்த்து வைத்து, பஞ்சுக்கா பூட்சிலிருந்து வேலையைத் தொடங்கினார்.

"சரியான இடம்தாங்க்கா. மனு குடுக்க வந்தவன் எல்லாம் அங்கேர்ந்துதான ஆரம்பிச்சான்" என்றார் பதிவறை எழுத்தர்.

நாலு மாதத்தில் பூட்ஸ், கோட்டு, வாள், திரை, தூண் எல்லாம் முடிந்தன. முகம் மட்டும் பாக்கி இருந்தபோது கண்காணிப்பாளர் ஒரு கடிதத்தோடு வந்தார். இன்னும் பன்னிரண்டு நாளில் இயக்குநர் பார்வையிட வருகிறார். அதற்குள் முகம் முடிய வேண்டும். முடியாவிட்டால் படம் ஒரு வெளி நிறுவனத்துக்குப் போகும், பிரிவு மூடப்படும், பஞ்சுக்கா வாசலில் நுழைவுச்சீட்டு கிழிக்கப் போவார்.

"அவங்க ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்களாம். நவீன முறையாம்" என்றார் கண்காணிப்பாளர். "இங்க மாதிரி... இது... வாயை வெச்சுக்கிட்டு இல்ல."

அந்த நிறுவனத்தின் கைவண்ணத்தைப் பஞ்சுக்கா வேறொரு கட்டடத்தில் பார்த்திருந்தார். கெட்டி நுரையும் முரட்டுப் பஞ்சுமாக ஒரு நீதிபதியைக் குளிப்பாட்டியதில் இடது புருவம் அழுக்கோடு போய்விட்டது. அன்றிலிருந்து அந்த நீதிபதி ஒரு பக்கமாக மட்டும் கண்டிப்பானவர்.

"பன்னெண்டு நாள் போதும் சார். முடிச்சிருவேன்."

சொல்லிவிட்டார். மறுநாள் தும்மல் பிடித்துக்கொண்டது.

சட்டத்தின் பின்பக்கம் ஒரு நூற்றாண்டுத் தூசி. அதைத் தட்டியதன் பலன். இதில் ஆபத்து என்னவென்றால், துரையின் வலது கன்னத்தில் வண்ணம் செதில் செதிலாக எழும்பி நின்றது. ஒரு நல்ல தும்மல் போட்டால் கன்னம் காற்றோடு போய்விடும். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். தும்மல் நின்றது. கூடவே எச்சிலும் நின்றது. நாக்கில் குச்சியை வைத்தால் வைத்த மாதிரியே வெளியே வந்தது, உலர்ந்த பஞ்சோடு. தண்ணீர் குடித்துப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைக் கண்ணெதிரே வெட்டி வைத்துப் பார்த்தார். வாய் மணல் மேடாகவே இருந்தது. மாத்திரை தின்றால் எச்சில் இல்லை. தின்னாவிட்டால் கன்னம் இல்லை. இரண்டு நாள் இப்படியே போய்விட்டது.

செய்தி கசிந்ததும் அலுவலகமே திரண்டு வந்தது. துரை மீது எச்சில் போட இத்தனை பேர் மனதுக்குள் ஆசை வைத்திருந்தார்கள் என்பது அன்றுதான் வெளிப்பட்டது.

"குச்சி எதுக்குங்க்கா? நீங்க தள்ளி நில்லுங்க, நான் இங்கேர்ந்தே குறி வெச்சுக் காட்டுறேன்" என்றார் காவலாளி.

"போய் வரிசையில நில்லுங்க. முதல்ல வாயக் கொப்பளிங்க எல்லாரும்."

பஞ்சுக்கா ஆளுக்கொரு குச்சி கொடுத்து, சட்டத்துக்குள் மறையும் ஓர் ஓரத்தில் பரீட்சை வைத்தார். தட்டச்சர் ஒரு நாளைக்கு எட்டுத் தேநீர் குடிப்பவர். பஞ்சு வாய்க்குள்ளேயே பழுப்பாகிவிட்டது. அலுவலக ஜீப் ஓட்டுநர் இருமல் மிட்டாயை இடைவெளி இல்லாமல் சப்புகிறவர். பஞ்சு ஓவியத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பதிவறை எழுத்தருக்குச் சிகரெட். காவலாளி என்ன சாப்பிட்டார் என்று அவரே சொல்ல விரும்பவில்லை.

"இந்த ஆபீஸ்ல ஒரு சுத்தமான வாய் இல்லையா?" என்று பஞ்சுக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு இருக்குங்க்கா. டீ கிடையாது, காபி கிடையாது, காரம் கிடையாது, புகை கிடையாது. வயித்துப்புண்ணு. வெந்நீரும் கஞ்சியும்தான். சாப்பிட்டதும் பல்லு வேற தேய்க்கிறாரு."

"யாரு?"

எழுத்தர் சுற்றிலும் பார்த்தார். தன் புருவங்களை நெரித்துக் காட்டினார்.

கண்காணிப்பாளரின் அறைக்குள் பஞ்சுக்கா போனது காலை பத்தேகாலுக்கு. மருத்துவமனையில் எத்தனையோ பெரிய மனிதர்களிடம் சட்டையைக் கழற்றச் சொன்னவர் என்பதால் குரல் நடுங்கவில்லை.

"சார், உங்க எச்சில் வேணும்."

கோடுகள் இரண்டும் விழுந்தன. "என்ன கேக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். பக்கத்துல உக்காந்து பஞ்சை நனைச்சு நனைச்சுக் குடுத்தா போதும். உருட்டுறது நான்."

"நான் இந்த அலுவலகத்தோட கண்காணிப்பாளர் அம்மா."

"அதனாலதான் சார் நேர்ல வந்து கேக்குறேன். மத்தவங்களுக்குன்னா குச்சிய நீட்டியிருப்பேன்."

"எழுத்துமூலமா குடுங்க" என்றார் கண்காணிப்பாளர், பேச்சு முடிந்தது என்ற பாவனையில்.

பஞ்சுக்கா அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினார். 'பொருள்: ஓவியப் பணிக்குத் தங்கள் உமிழ்நீர் வேண்டுதல் தொடர்பாக.' கீழே இரண்டே வரி. நீட்டிவிட்டு நின்றார்.

"அந்த நிறுவனத்துக்காரங்க வந்தா நெத்தியத்தான் சார் முதல்ல தேய்ப்பாங்க. ஜட்ஜய்யா புருவத்தப் பாத்தீங்கல்ல?"

கண்காணிப்பாளரின் கை தன்னையறியாமல் சொந்தப் புருவத்துக்குப் போயிற்று. அவருக்கு அந்தப் படம் வெறும் படமாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். தாளின் ஓரத்தில் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதினார். பிறகு கேட்டார், "கதவைச் சாத்திக்கலாமா?"

சாத்திக்கொண்டார்கள். 'உள்ளே ஆய்வு நடைபெறுகிறது' என்று எழுத்தர் தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்.

அடுத்த நாட்கள் அலுவலகத்தின் பொற்காலம். வாயில் குச்சி இருக்கும் கண்காணிப்பாளரால் யாரையும் கூப்பிட முடியாது, விளக்கம் கேட்க முடியாது. முக்காலியில் உட்கார்ந்து, நனைத்து, நீட்டி, அடுத்ததை வாங்கினார். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். இரண்டாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தார். தாடையில் ஒரு விரற்கடை இடம் பளிச்சென்று வெளிவந்தபோது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் வாயிலிருந்து குச்சியை எடுத்து, "காதுக்குக் கீழ விட்டுட்டீங்களே" என்றார்.

"அங்க நாளைக்கு சார். அதுக்கு முன்னாடி தண்ணி குடிங்க. பஞ்சு ஈரம் பத்தல."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அரசாங்கப் பணியில் அவர் ஒரு கீழ்நிலை ஊழியருக்குக் கீழ்ப்படிந்த முதல் சந்தர்ப்பம் அதுவாக இருக்கக்கூடும்.

பஞ்சுக்காவின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. தோள் அசையாது. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் அசைவு. ஒவ்வொரு பஞ்சையும் விளக்கில் பிடித்துப் பார்ப்பார். வெறும் பழுப்பு என்றால் தொடர்வார். ஒரு துளி நிறம் தெரிந்தாலும் கை அப்படியே நின்றுவிடும், அந்த இடத்தை அன்றைக்குத் தொட மாட்டார். கன்னத்துச் செதில்களை ஊசி முனை அளவு பசை வைத்து ஒவ்வொன்றாகப் படியவைக்கும்போது மூச்சையும் நிறுத்திவிடுவார். கூடவே கண்காணிப்பாளரும் நிறுத்தினார். கோப்புகள் மேல் எந்த நாளும் காட்டாத கவனம் அது.

ஆறாம் நாள் நெற்றிக்கு வந்தார்கள். பஞ்சுக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விளக்கைச் சாய்த்து மறுபடி பார்த்தார். குச்சியைக் கீழே வைத்தார்.

அந்த இரண்டு கோடுகளும் ஓவியன் போட்டவை அல்ல. எப்போதோ கூரை ஒழுகியிருக்கிறது. தூசித் தண்ணீர் சட்டத்தின் மேலிருந்து இறங்கி, நெற்றியில் இரண்டு தாரையாக வழிந்து காய்ந்திருக்கிறது. ஒரு தலைமுறை எழுத்தர்களை நடுங்கவைத்த முறைப்பு, ஓட்டை ஓட்டின் வேலை.

எடுத்தால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். போனால் முகம் முடியாது, பிரிவும் போகும். எடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பஞ்சுக்கா அரை நிமிடம் யோசித்தார். பிறகு பூதக்கண்ணாடியை அவரிடமே நீட்டினார்.

"நீங்களே பாருங்க சார். இது வரைஞ்சது இல்ல. அழுக்கு. மழைத்தண்ணி."

கண்காணிப்பாளர் வாயில் குச்சியோடு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது நெற்றி சுருங்கியது, தானே நின்றது, மறுபடி சுருங்கியது. குச்சியை ஜாடியில் போட்டுவிட்டுப் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று பிற்பகல் முழுவதும் கதவு திறக்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்த பஞ்சுக்கா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். கணவர் இரண்டு கேலி சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

"ரெண்டு கோடுதானம்மா. இருந்துட்டுப் போகட்டுமே. நூறு வருஷம் இருந்தது இன்னும் பத்து வருஷம் இருந்தா குடியா முழுகிடும்?"

"அழுக்குன்னு தெரியாம விட்டா பரவால்லங்க. தெரிஞ்சப்புறம் எப்படி விடுறது? நாளைக்கு அந்தப் பக்கம் போறப்பல்லாம் அது என்னைப் பாத்து முறைக்குமே."

"டிக்கெட் கிழிக்கப் போவியா?"

"போறேன். ஒழுங்காக் கிழிப்பேன்."

கணவர் வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்கவில்லை. "கிழிப்ப" என்றார், தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து. "ஒரு ஓரம் பிசிறு இல்லாம கிழிப்ப. தெரியும் எனக்கு."

மறுநாள் காலை பஞ்சுக்கா குச்சிகளைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தபோது கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். முக்காலியில் உட்கார்ந்தார். முகம் ராத்திரி தூங்காத முகம். கையை நீட்டினார். பஞ்சுக்கா கட்டைப் பிரித்து ஒரு குச்சியை வைத்தார்.

கோடுகள் போக முப்பத்தெட்டுக் குச்சிகள் பிடித்தன. பழுப்புக்கு அடியில் இருந்து வந்த நெற்றி வழுவழுவென்று இருந்தது. வந்த முகமும் வேறாக இருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் திகைப்பு. நேரமாகிவிட்டது, போகலாமா என்று யாரிடமோ கேட்கக் காத்திருக்கிற முகம்.

"சாதுவான ஆளும்மா" என்றார் கண்காணிப்பாளர் மெதுவாக.

"முகம் சாது சார். அந்தக் கைக்குக் கீழ இருக்கிற காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சோ, வாங்கினவனுக்குத்தான் தெரியும்."

கண்காணிப்பாளர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அடுத்த குச்சியை நனைத்தார்.

இயக்குநர் சொன்ன தேதிக்கு, சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை இமைக்காமல் பார்ப்பவர். கூடவே காட்சியகக் குழு உறுப்பினர் மூவர். அவர்களில் மூத்தவர் படத்தைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார்.

"அந்த கம்பீரம் எங்க போச்சு? நெத்தியில இருந்த அந்த... அந்த ஆளுமை? அழிச்சுட்டாங்களே! இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், நிறுவனத்துக்கிட்ட குடுங்கன்னு."

இயக்குநர் பஞ்சுக்காவிடம் திரும்பினார். "என்ன ரசாயனம் போட்டீங்க?"

பஞ்சுக்கா வாயைத் திறப்பதற்குள் கண்காணிப்பாளர் ஓர் அடி முன்னால் வந்தார். கதவோரம் நின்ற எழுத்தருக்கு இருமல் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எதற்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டுமே பதில் சொன்ன மனிதர் அவர்.

"ரசாயனம் இல்ல மேடம். எச்சில்."

"எச்சிலா? யாரோடது?"

"என்னுது."

மூத்த உறுப்பினர் படத்தை விட்டு ஓர் அடி விலகினார்.

"இந்தம்மா மாத்திரை சாப்பிட்டதால அவங்களுக்கு வரல. அதனால நான் குடுத்தேன். வேலை முழுக்க அவங்களுது. எழுத்துமூலமா கேட்டிருக்காங்க, கோப்புல இருக்கு. நெத்தியில இருந்தது ஆளுமை இல்ல மேடம், கூரை ஒழுகினது. அத எடுத்தா என் மனசு கஷ்டப்படும்னு தெரிஞ்சும் மறைக்காம கண்ணாடியக் கையில குடுத்துக் காட்டினாங்க. நிறுவனத்துக்காரங்களா இருந்தா கோடும் போயிருக்கும், புருவமும் போயிருக்கும்."

இயக்குநர் அவரை இமைக்காமல் பார்த்தார். ஜாடி ஜாடியாக இருந்த பழுப்புப் பஞ்சுகளைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து நெற்றியைப் பார்த்தார், புருவத்தை ஒவ்வொரு மயிராகப் பார்த்தார். நிறுவனத்தின் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி, மூத்த உறுப்பினர் கையில் கொடுத்தார்.

"இது வேண்டாம். கிடங்குல இந்த மாதிரி இன்னும் ஒன்பது துரைங்க இருக்காங்க இல்ல? எவ்வளவு நாளாகும்மா?"

"ஒரு முகத்துக்கு ஒன்பது நாள் மேடம். உடம்புக்கு நாலு மாசம். வேகமா வேணும்னா நான் ஆள் இல்ல."

"வேகம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் கன்னத்தைப் பார்க்க இன்னும் நெருங்கிக் குனிந்தார். மூவரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிக் குனிந்தார்கள்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் பஞ்சுக்கா. "சார், நீங்களும். எல்லாரும் மூச்சு விடுறீங்க. கன்னத்துல நேத்து வெச்ச பசை இன்னும் காயல."

இயக்குநர், குழு, கண்காணிப்பாளர் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் பஞ்சுக்கா.